கோணல் அறை பார்த்த பக்கம்

— சுத்தியலைக் கீழ வைங்க. முதல்ல அதைக் கீழ வைங்க, அப்புறம் பேசலாம்.

— டீச்சரம்மா, இது உன் வகுப்பு இல்ல. வெளிய என் ஆளுங்க கையைக் கட்டிட்டு நிக்கிறாங்க. நீ ஓடி வந்த வேகத்தைப் பார்த்து, வீட்டுல யாருக்கோ என்னமோ ஆயிடுச்சுன்னு எனக்கு நெஞ்சே அடைச்சுப் போச்சு.

— வீட்டுல எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. மாமி டிவி பார்த்துட்டு இருப்பாங்க. ஏங்க, இந்தச் சுவர்ல கை வைக்காதீங்க.

— கை வைக்கத்தானே ஸ்கூல்ல என்னைக் கூப்பிட்டிருக்காங்க? "பொண்டாட்டி வேலை பார்க்கற இடத்துல கான்ட்ராக்ட் எடுக்காதடா, மூச்சு விட முடியாது"ன்னு உம்மா அப்பவே சொன்னாங்க. கேட்டேனா? என் தலையெழுத்து.

— தலையெழுத்தை வீட்டுல போய்ப் பேசலாம். இந்த அறையைப் பத்தி தினமும் சாப்பிடும்போது என்ன சொல்லுவீங்க?

— எந்தப் புண்ணியவான் கட்டினானோ, ஸ்கூல் முழுக்க நூல் பிடிச்ச மாதிரி நேரா நிக்குது, கடைசியில இந்த ஸ்டோர் ரூம் மட்டும் கோவிச்சுக்கிட்டுக் கழுத்தைத் திருப்பிட்டு நிக்குதுன்னு சொல்லுவேன். அதைக் கேக்கவா இந்த ஓட்டம்?

— காலையில பழைய பீரோ, உடைஞ்ச பெஞ்ச் எல்லாத்தையும் வெளிய எடுத்துப் போட்டீங்கல்ல? என் வகுப்புப் பிள்ளைங்க எட்டிப் பார்த்திருக்காங்க. நம்ம வாயாடி இருக்காளே...

— யாரு, "உங்க வீட்டுக்காரர் ஏன் டீச்சர் எப்பப் பார்த்தாலும் சுவர்கிட்ட காதை வெச்சுக் கேக்கறார், அது என்ன சொல்லுது"ன்னு கேட்டாளே, அவளா?

— அவளேதான். வாசல்ல நின்னு உள்ள பார்த்தவ, வந்து சாதாரணமா சொல்றா. "டீச்சர், அந்த ரூம் எங்க வீட்டுத் தொழுகை விரிப்பு மாதிரியே இருக்கு."

— விரிப்பு மாதிரியா? ரூம் எப்படி விரிப்பு மாதிரி இருக்கும்?

— நானும் அதைத்தான் கேட்டேன். "எங்க வீட்டுல மேசை, கட்டில், சோபா எல்லாம் சுவரோட நேரா இருக்கும் டீச்சர். விரிப்பு மட்டும் சாய்வா கிடக்கும். அது வீட்டைப் பார்க்காது, தூரத்துல ஒரு ஊரைப் பார்க்கும்"னா.

— இரு. நம்ம ஹால்ல உம்மாவோட விரிப்பு...

— அதேதான். வீட்டு ஓனரம்மா வர்றப்பல்லாம் "ஐயோ கோணலா கிடக்கே"ன்னு இழுத்து நேராக்கிட்டுப் போவாங்க. அவங்க படியிறங்கினதும் நீங்க குனிஞ்சு மறுபடி சாய்ச்சுப் போடுவீங்க. அப்படிப்பட்ட மனுஷன் இந்த அறையை மட்டும் இத்தனை நாளா உட்கார்ந்து திட்டியிருக்கீங்க!

— சுப்ஹானல்லாஹ்.

— இப்ப சொல்லுங்க.

— என்னத்தைச் சொல்ல? வா இங்க. நானும் காலையில இருந்து ஒண்ணை மனசுல போட்டு உருட்டிட்டு இருக்கேன், யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல. இந்த மூலையைப் பாரு.

— மூலைதான். ஒட்டடை இருக்கு.

— ஒட்டடையை யார் பார்க்கச் சொன்னா? மூலைமட்டத்தை வெச்சுப் பார்த்தேன். நாலு மூலையும் அச்சுல வார்த்த மாதிரி உட்காருது. கோணல் ரூம், கோணல் ரூம்னு ஸ்கூலே சொல்லுது. ரூமுக்குள்ள ஒரு கோணலும் இல்ல! சுத்தமா ஒரு ரூமைக் கட்டி, அதை மொத்தமா திருப்பி வெச்ச மாதிரி இருக்கு.

— அப்ப தெரியாம கட்டினது இல்லையா?

— தெரியாமலா? இங்க, பெரிய கட்டடத்தோட சேர்ற இடத்துல பூச்சைக் கொத்திப் பார்த்தேன். ஒவ்வொரு வரிசையிலயும் செங்கல்லைச் சாய்வா அறுத்து, அந்தச் சுவருக்குள்ள ஒண்ணு இந்தச் சுவருக்குள்ள ஒண்ணுன்னு சடை பின்னின மாதிரி கோத்திருக்கான். பின்னாடி யாரோ கொண்டு வந்து ஒட்ட வெச்ச ரூம் இல்ல இது. ரெண்டுக்கும் ஒரே அஸ்திவாரம். ஸ்கூலும் இதுவும் ஒரு வயித்துப் பிள்ளைங்க.

— எனக்கு உடம்பே சிலிர்க்குது. கையைப் பாருங்க.

— எனக்கும்தான். ரெண்டு பக்கம் ஜன்னல், பின்னாடி வாசல், முன்னாடி மட்டும் ஒண்ணுமே இல்லாத வெறும் சுவர். ஒரு அலமாரி மாடம்கூட விடல. பள்ளிவாசல்ல முன்சுவரை விடற மாதிரி. ஆனா... உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.

— அப்புறம் சொல்லுங்க, பிரின்சிபால் மேடம் வர்ற நேரம். இன்னிக்கு என்ன நாள்னு உங்களுக்கே தெரியும். என் முஸ்லிம் வரலாற்றுப் பாடத்தை ஒரு வாரம் வெள்ளோட்டமா நடத்திப் பாருங்கன்னாங்க, இன்னிக்கு அது முடியுது. திங்கக்கிழமை பாடம் உண்டா இல்லையான்னு இன்னிக்குச் சொல்லிடுவாங்க. "முஸ்லிம்களோட வரலாற்றுக்கும் இந்த ஸ்கூலுக்கும் என்ன சம்பந்தம், இங்க ஏதாவது இருந்தா காட்டுங்க"ன்னாங்க. நான் உலகம் முழுக்கத் தேடிட்டு இருந்தேன். அது பத்தடி தள்ளி, உடைஞ்ச பெஞ்சுக்குப் பின்னாடி நின்னுட்டு இருந்திருக்கு!

— அந்தச் சுவர் பார்க்கற பக்கத்தைப் பத்தித்தான் நான்...

— ஷ்! செருப்புச் சத்தம். மேடம் வர்றாங்க.

— என்ன கான்ட்ராக்டர் சார், சாயங்காலத்துக்குள்ள தரைமட்டம் ஆயிடும்னீங்க. சுவர் என்னை விடத் திடமா நிக்குது?

— இல்லைங்க மேடம், ஒரு சின்ன...

— மேடம், நான்தான் நிறுத்தச் சொன்னேன்.

— நீங்களா? டீச்சர், வீட்டுல நீங்க அவரை நிறுத்துங்க, உட்கார வைங்க, அதுல நான் தலையிட மாட்டேன். இங்க கம்ப்யூட்டர் லேப் வரணும். சுருக்கமா சொல்லுங்க, எதுக்கு நிறுத்தினீங்க?

— இது ஸ்டோர் ரூமா கட்டின ரூம் இல்ல மேடம். தொழுகைக்குக் கட்டினது. இது கோணலா இல்ல, மக்கா இருக்கிற திசையைப் பார்த்துத் திரும்பி இருக்கு.

— யார் சொன்னா?

— ஒரு பிள்ளை சொன்னா. அப்புறம் இவர் செங்கல்லைக் காட்டினார்.

— பிள்ளையும் செங்கல்லும். சரி. டீச்சர், இந்த ஸ்கூலைக் கட்டினது பெரிய சார். அவர் சாமி கும்பிடாதவர், தொழாதவர், எந்தக் கூட்டத்துலயும் சேராதவர். எல்லாப் பிள்ளையும் எனக்கு ஒண்ணுன்னு சொன்னவர். அவர் போய் ஒரு தரப்புப் பிள்ளைங்களுக்கு மட்டும் தனியா ஒரு ரூம் கட்டுவாரா?

— எல்லாரும் ஒண்ணுன்னு நினைச்சவர் கட்டியிருக்கலாமே மேடம். இடம் இல்லாதவங்களுக்கு ஒரு இடம் கொடுத்தாத்தானே ஒண்ணாக முடியும்?

— பேச்சு நல்லா இருக்கு. ஆனா எனக்கு ஆயிரம் தொல்லை. போன கூட்டத்துல பெத்தவங்க என்ன கேட்டாங்கன்னு உங்களுக்கே தெரியும். "இதெல்லாம் என்ன புதுசா?" நானும் அதைத்தான் கேக்கறேன். பெரிய சார் வகுத்த பாடத்துல புதுசா எதையும் நான் நுழைச்சது இல்ல, எடுத்ததும் இல்ல. அதனாலதான் இந்த ஸ்கூல் சண்டை சச்சரவு இல்லாம ஓடுது.

— மேடம், நான் ஸ்கூல்ல படிச்சப்போ புத்தகத்துல எங்களைப் பத்தி ஒரு பக்கம் இருந்துச்சு. ஒரே ஒரு பக்கம். குதிரையில வந்தோம், கப்பல்ல வந்தோம், சண்டை போட்டோம், முடிஞ்சுது. டீச்சர் அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது மொத்த வகுப்பும் திரும்பி என்னைப் பார்க்கும். நான் ஏதோ அன்னிக்குக் காலையிலதான் குதிரையை வாசல்ல கட்டிட்டு வந்த மாதிரி.

— கல்யாணத்துக்கு முன்னாடி இதை என்கிட்ட சொல்லியிருந்தா நான் குதிரைக்குப் புல்லு வாங்கி வெச்சிருப்பேன்.

— நீங்க சும்மா இருங்க! மேடம், அந்தப் பாடத்துல நாங்க வந்துட்டே இருந்தோம். இருக்கவே இல்ல. வீடு கட்டல, கடை வைக்கல, பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல்னா ஓடல, ஸ்கூலுக்குப் போகல. இந்த ஒரு வாரமா நான் அந்த இருந்த கதையைத்தான் சொல்லிட்டு இருக்கேன். முந்தாநாள் வகுப்பை நீங்க பார்த்திருக்கணும்.

— வராந்தாவுல போகும்போது பார்த்தேன். ஊசி விழுந்தா கேக்கற மாதிரி இருந்துச்சு. யாருக்கோ உடம்பு சரியில்லையோன்னு நினைச்சேன்.

— குளோப்ல நூல் பிடிச்சுட்டு இருந்தாங்க மேடம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தன் எங்க வேணா இருப்பான், மலை மேல, நடுக்கடல்ல, கண்ணுக்குத் தெரியாத ஒரு ஊரை நோக்கித் தினமும் திரும்பி நிக்கணும். எப்படித் தெரியும்? அதுக்காக உட்கார்ந்து நட்சத்திரத்தைப் பார்த்து, உருண்டைக்குக் கணக்குப் போட்டாங்க. அந்தக் கணக்கு பின்னாடி மாலுமிக்குப் போச்சு, மேப் போடறவனுக்குப் போச்சுன்னு சொல்லிட்டு, உலகத்தோட மறு கோடியில இருக்கிற நம்ம ஊர்ல இருந்து மக்காவுக்கு நூலை இழுங்கன்னேன். நூல் பிள்ளைங்க நினைச்ச பக்கமே போகல. மேல ஏறி, வளைஞ்சு, யாரும் நினைக்காத கடல் மேல போய் இறங்குச்சு.

— இதுக்குத்தான் என் ரூம்ல இருக்கிற பெரிய சாரோட மேப்பைக் கேட்டீங்களா?

— ஆமா. நீங்க தரல.

— எப்படித் தருவேன்? அவர் கையால கப்பல்ல கொண்டு வந்தது. அப்போ இந்தச் சுத்துவட்டாரத்துலயே இருந்த ஒரே மேப் அதுதான். ஏற்கெனவே எந்த வாலு பார்த்த வேலையோ, ஆணியால குத்தி வெச்சிருக்கு. இன்னொரு தடவை பிள்ளைங்க கையில கொடுத்தா நூல் நூலா வந்துடும்.

— மேப் இருக்கட்டும் மேடம். இந்த ரூமை மட்டும் விட்டுடுங்க. வெளிய அந்தக் குட்டைக் குழாயைப் பார்த்திருக்கீங்கல்ல? முழங்கால் உயரத்துல, முன்னாடி ஒரு சின்னக் கல்லு போட்டு...

— செடிக்குத் தண்ணி ஊத்த வெச்சது.

— சுத்தி எல்லாம் கல்தளம் மேடம். ஒரு பிடி மண் கிடையாது. எந்தச் செடிக்கு?

— ம். அது எனக்கும் தோணினதுதான். சரி டீச்சர், நான் பிடிவாதக்காரி, அநியாயக்காரி இல்ல. ஒரே ஒரு கேள்வி. கான்ட்ராக்டர் சார், உங்களைத்தான்.

— என்னையா?

— மத்தியானம் சிமெண்ட் மூட்டைக்குப் பின்னாடி போய் நீங்க தொழறதை நான் மாடி ஜன்னல்ல இருந்து பார்த்திருக்கேன். எந்தப் பக்கம் பார்த்து நிக்கறீங்க?

— மேடம், அது வந்து...

— நான் கணக்கு டீச்சரா இருந்தவ சார். பதில் ஒண்ணுதான் இருக்கும்.

— வாசல் கேட் பக்கம், மேடம்.

— இந்த வெறும் சுவர் எந்தப் பக்கம் பார்க்குது?

— விளையாட்டு மைதானத்தை.

— ஏங்க!

— என்ன பண்ணச் சொல்ற? பொய் சொல்லவா? வந்ததுல இருந்து இதைத்தான் சொல்ல வந்தேன், நீ எங்க வாயைத் திறக்க விட்ட?

— கொஞ்சம் தள்ளி இருக்கா, இல்ல...

— கொஞ்சம் இல்லம்மா. கேட் ஒரு கோடி, மைதானம் ஒரு கோடி. இந்தச் சுவரைப் பார்த்து நின்னா கிப்லா, அதான் மக்கா இருக்கிற திசை, நம்ம இடது தோள் பக்கம் போயிடும்.

— ஓ.

— டீச்சர், இப்படி வந்து உட்காருங்க. உள்ள மிச்சம் இருக்கிற அந்தப் பெஞ்சுல மூணு கால் நல்லா இருக்கு. நான் சந்தோஷமா சொல்லல, நம்புங்க. இந்தச் செங்கல் கதையைக் கேட்டப்போ எனக்கே ஒரு நிமிஷம் என்னமோ பண்ணுச்சு. ஆனா வரலாறுங்கிறது நம்ம ஆசையைச் சுவர்ல ஏத்தி வைக்கிறது இல்லையே. இதை நானே உங்ககிட்டதான் கத்துக்கிட்டேன், ஸ்டாஃப் ரூம்ல நீங்க போடுற சண்டையில.

— உண்மைதான் மேடம்.

— பாடத்தையும் இத்தோட நிறுத்திக்கலாம். பெத்தவங்களுக்கு நான் சொல்லிக்கிறேன். சார், நீங்க வேலையை ஆரம்பிங்க.

— சரிங்க மேடம்.

— திங்கக்கிழமை அந்த வாயாடி முகத்துல எப்படி முழிப்பேன்? "நீ சொன்னது தப்புடி"ன்னு எப்படிச் சொல்லுவேன்?

— அவகிட்ட நான் சொல்றேன். "சுவர் என்ன சொல்லுச்சு அங்கிள்"னு எப்படியும் என்னைத்தான் கேப்பா. நீ எழுந்திரு. தூசி பறக்கும், உனக்கு மூச்சு இழுக்கும். கைப்பையைக் கொடு, நான் பிடிக்கிறேன். என்னடி இது, செங்கல்லா வெச்சிருக்க?

— திருத்தின பேப்பர். முந்தாநாள் பிள்ளைங்க போட்ட... இருங்க. எந்தப் பக்கம்னு சொன்னீங்க?

— கேட் பக்கம்.

— அது நீங்க தொழறது. இந்தச் சுவர்?

— மைதானம். எத்தனை தடவை கேப்ப?

— மைதானம்... யா அல்லாஹ். மேடம், போகாதீங்க! மேடம்! கடைசி பெஞ்ச்!

— கடைசி பெஞ்சுக்கு என்ன?

— கடைசி பெஞ்ச் கும்பலுக்கு குளோப் கிடைக்கல. இருந்த குளோப்பை முன் பெஞ்ச் பிடிச்சுக்கிச்சு. இதுங்க சோம்பேறித்தனமா புத்தகத்துல இருக்கிற உலக மேப்பை விரிச்சு, அதுல ஸ்கேலை வெச்சு நேரா கோடு போட்டுட்டாங்க. அதே சாய்வுல பேப்பர்ல அம்புக்குறி போட்டு "மைதானம் பக்கம்"னு எழுதிக் கொடுத்தாங்க. நான் சிவப்பு மையில பெருசா தப்பு போட்டேன். இதோ, இதோ இந்தப் பேப்பர்!

— எனக்கு ஒண்ணும் புரியல. ஊரும் அதே ஊர், மக்காவும் அதே மக்கா. குளோப்ல ஒரு பக்கம், மேப்ல ஒரு பக்கமா போகும்?

— போகும் சார். ஆரஞ்சுத் தோலை முழுசா உரிச்சு மேசையில வெச்சு அழுத்தினா என்ன ஆகும்?

— கிழியும்.

— கிழியாம இருக்க அங்கங்க இழுத்து விட்டா?

— உருவமே மாறிடும்.

— மேப்புங்கிறது அதுதான். உருண்டையைத் தட்டையாக்க இழுத்து விட்டது. தூரத்து ஊருக்கு அதுல நேரா கோடு போட்டா, நிஜத்துல அது நேர்வழி இல்ல. திசை விலகிடும். எத்தனை வருஷம் இதைக் கரும்பலகையில போட்டிருப்பேன்... டீச்சர், நீங்க என்ன சொல்ல வர்றீங்கன்னு எனக்குப் புரியற மாதிரி இருக்கு. எதுக்கும் அளந்துடுவோம். சார், வடக்கு எது?

— இந்தப் பெரிய கட்டடத்தோட நீளச் சுவர் தெற்கு வடக்கா சுத்தமா நிக்குது மேடம். வேலை எடுத்த அன்னிக்கே பார்த்துட்டேன்.

— அப்ப பேப்பரோட பக்க ஓரத்தை அந்தச் சுவருக்கு இணையா, மேல்பக்கம் வடக்கைப் பார்க்கற மாதிரி வைங்க. தரையில. அசையாம.

— வெச்சாச்சு. டீச்சரம்மா, நூல் முனையை இந்த அம்பு மேல அழுத்திப் பிடி. நான் எதிர்ச் சுவர் வரைக்கும் இழுத்துட்டுப் போறேன். கையை ஆட்டாத.

— ஆட்டல. நூல்தான் வழுக்குது.

— நானும் பிடிக்கிறேன், விடுங்க. ம், இழுங்க சார்.

— தொட்டாச்சு. இப்ப மூலைமட்டத்தை நூலோடயும் சுவரோடயும் சேர்த்து வைக்கிறேன். சுவர் இந்த அம்பைப் பார்த்து நிக்குதுன்னா, இடைவெளி இல்லாம உட்காரணும்.

— உட்காருதா?

— உட்காருது.

— தள்ளுங்க சார், நானே பார்க்கறேன். கண்ணாடி எங்க... ஆமா. வெளிச்சம்கூட நுழையல. சிவப்புல தப்பு போட்ட அந்த அம்பைத்தான் இந்தச் சுவர் பார்த்துட்டு நிக்குது.

— அப்ப இதைக் கட்டினவங்களும் மேப்ல ஸ்கேல் வெச்சிருக்காங்க. நம்ம கடைசி பெஞ்ச் மாதிரியே.

— டீச்சர், அந்தக் காலத்துல இங்க மேப் யார்கிட்ட இருந்துச்சுன்னு இப்பத்தானே என் வாயாலயே சொன்னேன்?

— பெரிய சார்கிட்ட.

— அவர்கிட்ட மட்டும்தான். தொழற ஆளுங்க தாங்களா கட்டியிருந்தா சூரியனைப் பார்த்திருப்பாங்க, நட்சத்திரத்தைப் பார்த்திருப்பாங்க. இது வாத்தியார் பண்ணின தப்பு. சொந்தமா ஒரு நாளும் தொழாத ஒரு மனுஷன், மேசையில மேப்பை விரிச்சு, கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு, ரொம்ப அக்கறையா பண்ணின தப்பு.

— அதுக்குத்தான் மேடம் செங்கல்லை அப்படி அறுத்திருக்கான் அந்தக் கொத்தன். அவர் பக்கத்துலயே நின்னிருக்கணும். "ஒரு நூல்கூட விலகக் கூடாதுப்பா"ன்னு உயிரை வாங்கியிருப்பார். இல்லைன்னா எந்தக் கொத்தனும் இவ்வளவு மெனக்கெட மாட்டான்.

— யாருக்காக இருக்கும்?

— ஏங்க, நீங்க வெளிய போய் அந்தக் குழாய்ல கை கால் கழுவிப் பாருங்க.

— பார்த்தாச்சு. வந்த ரெண்டாவது நாளே தொழறதுக்கு முன்னாடி ஒளு செய்யலாம்னு போனேன். முடியல, இடுப்பு பிடிச்சுக்கிச்சு. பெரியவங்க யாரும் அதுல... பிள்ளைங்க. பிள்ளைங்களுக்கு வெச்சது அது.

— இந்த ரூமும் ஒரு வரிசைதான் கொள்ளும் மேடம். அதுவும் பிள்ளைங்கன்னாத்தான். யாரோ சில குடும்பங்க இங்க இருந்திருக்காங்க. பேர் தெரியாது, என்ன தொழில் பண்ணினாங்கன்னு தெரியாது, எங்க போனாங்கன்னும் தெரியாது. ஆனா அவங்க பிள்ளைங்க எவ்வளவு உயரம்னு மட்டும் நமக்குத் தெரியுது.

— ரெண்டு பேரும் இங்கேயே இருங்க. எதையும் தொடாதீங்க. ஒரு ஒட்டடையைக்கூடத் தட்டாதீங்க. நான் என் ரூம் வரைக்கும் போயிட்டு வந்துடறேன்.

— மேடம், நான் வேணா கூட...

— வேண்டாம். அதை நான்தான் எடுக்கணும்.

— என்னடி, ஓடறாங்க? அவங்க ஓடி நான் பார்த்ததே இல்ல.

— நானும் பார்த்ததில்ல.

— கோபமா? கேட் பக்கம்னு நான் சொன்னதுக்கு?

— அந்த நிமிஷம் உங்களைக் கடிச்சுத் துப்பியிருப்பேன். இப்ப யோசிச்சா, எனக்காக நீங்க "ஆமா மேடம், இந்தச் சுவர்தான்"னு ஒரு பொய்யைச் சொல்லியிருந்தா, நான் ஜெயிச்சிருப்பேன். பெரிய சார் பண்ணினது யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

— உனக்காகப் பொய் சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. எந்தப் பக்கம் தொழறேன்னு கேக்கும்போது எப்படிச் சொல்றது?

— தெரியும். அதுக்குத்தான் உங்களைக் கட்டிக்கிட்டேன். ஏங்க, இந்த வெறும் சுவரைத் தொட்டுப் பாருங்களேன். குளுகுளுன்னு இருக்கு.

— தொடாதேன்னு சொல்லிட்டுப் போனாங்க. எனக்குத் தொழுகை நேரம் ஆயிடுச்சு. இங்க நின்னா எந்தப் பக்கம் திரும்பறதுன்னே மனசு தடுமாறுது.

— கேட் பக்கமே திரும்புங்க. உங்களுக்குத் தெரிஞ்சது அது. அந்தப் பிள்ளைங்களுக்கு அவங்க வாத்தியார் காட்டினதுதான் தெரியும். தேடிப் பார்த்துத் திரும்பினவங்களுக்கு அது போதும்னுதானே மார்க்கத்துல சொல்லியிருக்கு?

— போதும். நிச்சயமா போதும். கடைசி பெஞ்சுக்குப் போட்ட தப்பை என்ன பண்ணப் போற?

— அழிக்க மாட்டேன், கணக்குல அது தப்புதான். பக்கத்துல இன்னொண்ணு எழுதணும். என்ன எழுதறதுன்னுதான் தெரியல.

— வந்துட்டாங்க. இப்படி மூச்சு வாங்கறாங்களே... கொடுங்க மேடம், கொடுங்க, நான் பிடிக்கிறேன்.

— மெதுவா. மறுமுனையைப் பிடிங்க. மடங்கினா கிழிஞ்சிடும். தரையில வேண்டாம், அந்தப் பெஞ்ச் மேல. டீச்சர், அந்த ஜன்னலைத் திறங்க, வெளிச்சம் வரட்டும். நம்ம ஊர் எங்க?

— இங்க மேடம். ஓட்டை இருக்கே, அங்க.

— நான் வந்ததுல இருந்து பார்க்கற ஓட்டை. இன்னொண்ணும் உண்டு. எங்கேயோ ஒரு மூலையில ஒரு வாலு குத்தினதுன்னு விட்டுட்டேன், எந்த இடம்னு கிட்டப் போய்ப் பார்த்ததே இல்ல. எனக்குக் கண்ணு கலங்குது, நீங்களே படிங்க.

— மக்கா. மேடம், சரியா மக்கா மேல!

— ரெண்டு ஆணி, நடுவுல ஒரு நூல். நம்ம அளந்த மாதிரியேதான் அளந்திருக்கார் மனுஷன். மேடம், கொஞ்சம் தள்ளுங்க. இந்த ஓட்டையை நான் நல்லாப் பார்க்கணும்.

— ஓட்டையில என்ன சார் இருக்கு?

— ஒரு தடவை ஆணி அடிச்சா ஓட்டை பொட்டு மாதிரி இருக்கும். இது தேஞ்சு, விரிஞ்சு, உள்பக்கமா இழுபட்டிருக்கு. பிடுங்கிப் பிடுங்கித் திரும்பத் திரும்பக் குத்தியிருக்காங்க. நூலும் ஒரு நாள் இழுத்த நூல் இல்ல. விரலை வெச்சுப் பாருங்க, ரெண்டு ஓட்டைக்கும் நடுவுல காகிதமே ஒரு கோடா வழுவழுன்னு ஆயிருக்கு.

— ஏங்க, ஓட்டையைச் சுத்தி இது என்ன கறுப்பு? கீழ்ப்பக்கம் மட்டும்?

— விரல் அழுக்கு. எக்கி நின்னு பிடிச்சிருக்காங்க, அதான் கீழ்ப்பக்கம். எல்லாம் சின்னச் சின்ன விரல்.

— திசை பார்க்க ஒரு தடவை நூல் இழுத்தா போதுமே டீச்சர். ரூம் கட்டி முடிச்சதுக்கு அப்புறமும் எதுக்கு மறுபடி மறுபடி? அதுவும் பிள்ளைங்க கையில கொடுத்து?

— மேடம்? அப்ப அவரும் பிள்ளைங்களுக்கு இதே பாடத்தை நடத்தியிருக்கார்னுதானே அர்த்தம்? உட்காருங்க.

— டீச்சர், திங்கக்கிழமை இந்த மேப்பை உங்க வகுப்புக்கு எடுத்துட்டுப் போங்க. ஆணியும் நூலும் பிள்ளைங்க கையிலயே கொடுங்க, கிழிஞ்சா கிழியட்டும். பெத்தவங்க வந்து இதெல்லாம் என்ன புதுசான்னு கேட்டா, என்கிட்ட அனுப்பி வைங்க. புதுசு இல்லம்மா, இது இந்த ஸ்கூல்ல பாதியில நின்னு போன பாடம்.